கண்ணாடியை மறந்தவர்கள்

எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தைகளைப் பற்றி இப்போது பலருக்கும் தெரியும். அந்தக் குழந்தைகள் வளர்ந்து நாற்பதைத் தாண்டிய பிறகு அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களும் பேசுவதில்லை.

பெங்களூர் காக்ஸ் டவுனைச் சேர்ந்த அந்த எலக்ட்ரிகல் கான்ட்ராக்டருக்கு வயது 43. ஆறு பேருக்கு வேலை கொடுக்கிறார். நான்கு மாடிக் கட்டடத்தின் வயரிங்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் போதும், பழுது எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் வங்கியில் ஒரு படிவத்தை நீட்டினால் மட்டும் சட்டைப் பையைத் தடவுவார். "கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன் சார், நீங்களே கொஞ்சம் எழுதிடுங்க." இருபது வருடங்களாக இதே வசனம். விஷயம் என்னவென்றால், அவரிடம் கண்ணாடியே கிடையாது. பார்வையில் ஒரு கோளாறும் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் நான்காம் வகுப்புப் படிக்கும் மகனைப் பள்ளிக்கூடம் சோதனைக்கு அனுப்பியது. பையனுக்கு டிஸ்லெக்ஸியா என்று முடிவு சொன்ன உளவியல் நிபுணர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். "நான் வாயத் தொறக்கல. ஆனா அந்தம்மா பையனப் பத்திச் சொன்னது ஒவ்வொண்ணும் என்னப் பத்திச் சொன்ன மாதிரியே இருந்திச்சு" என்கிறார் கான்ட்ராக்டர். பெயரைப் போட வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. கடைப் பையன்களுக்கு இன்னும் தெரியாது.

மகனின் வழியாகத் தகப்பன் தன்னைக் கண்டுபிடிப்பது அபூர்வமான கதையல்ல. 1969, 1971, 1973 என்று மூன்று முறை ஃபார்முலா ஒன் கார் பந்தய உலக சாம்பியன் பட்டம் வென்ற ஸ்காட்லாந்து வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கு நடந்ததும் இதுதான். 1980-ல் மகனுக்குச் சோதனை செய்யப் போன இடத்தில் தகப்பனுக்கும் அதே பிரச்சினை என்று தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 41. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றே ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. பதினைந்து வயதில் பள்ளியைவிட்டு வெளியேறியவர் அவர். உலகமே கைதட்டிய பிறகும் உள்ளுக்குள் தான் ஒரு முட்டாள் என்ற நினைப்பு போகவில்லை என்று பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மூன்று சாம்பியன் பட்டங்களால் ஆற்ற முடியாத ஒரு காயம் பள்ளிக்கூடத்தில் ஏற்பட முடியும் என்றால், அது எப்படிப்பட்ட காயம் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

டிஸ்லெக்ஸியா என்ற சொல்லுக்கு வயது ஏறக்குறைய 140. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தைச் சேர்ந்த ருடால்ஃப் பெர்லின் என்ற கண் மருத்துவர் 1880-களில் உருவாக்கிய சொல் இது. வேடிக்கை என்னவென்றால் அவர் கவனித்தது குழந்தைகளை அல்ல. மூளையில் ஏற்பட்ட நோயால் படிக்கும் திறனை இழந்த பெரியவர்களைத்தான். குழந்தைகள் பக்கம் கவனம் திரும்பியது 1896-ல். இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், புத்திசாலியான ஒரு 14 வயதுச் சிறுவனால் எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் வாசிக்க முடியவில்லை என்று மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அதன் பிறகு டிஸ்லெக்ஸியா என்றாலே பள்ளிப் பிள்ளைகளின் பிரச்சினை என்று ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கும் வயதாகும் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இது கண்ணில் உள்ள கோளாறு அல்ல. அறிவுக் குறைவும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. பேச்சைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு எழுத்தைப் பொருத்தும் வேலையை மூளை மெதுவாகவும் சிரமத்தோடும் செய்கிறது. மற்றவர்கள் ஒரு சொல்லைப் பார்த்தவுடன் முகத்தை அடையாளம் காண்பதுபோலக் கண்டுகொள்கிறார்கள். இவர்கள் அதே சொல்லை நூறாவது முறை பார்க்கும்போதும் புதிதாகக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருவது. மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து 20 சதவீதம் என்று சொல்பவர்களும் உண்டு.

காக்ஸ் டவுன் போன்ற இடத்தில் இந்தச் சிரமம் மும்மடங்காகிறது. 1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கிய பிறகு கண்டோன்மெண்ட் பகுதியில் நெரிசலைக் குறைக்க உருவான புது நகர்களின் வரிசையில் வருவது இது. பக்கத்திலேயே ஃப்ரேசர் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன். பிரிட்டிஷ் பட்டாளத்தோடும் அதன் தேவைகளோடும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் கன்னடமும் உருதுவும், பள்ளியில் ஆங்கிலம், அரசு அலுவலகத்தில் கன்னடம். பேசுவதில் யாருக்கும் சிக்கலில்லை. நம் கான்ட்ராக்டரும் ஐந்து பாஷைகள் சரளமாகப் பேசுகிறார். எழுத்து என்று வந்தால்தான் மூன்று லிபிகளும் சேர்ந்து மிரட்டுகின்றன.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்து 'எழுதியபடி வாசிக்கலாம்' வகையைச் சேர்ந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஓரளவு உண்மைதான். ஆனால் 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் 'க' ஒரே எழுத்து, ஒலி வேறு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் உயிரொலி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்திருக்கிறது. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண பற்றிச் சொல்லவே வேண்டாம், பட்டதாரிகளே தடுமாறும் இடம். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டு வந்தபோது 'லை', 'னை', 'றா' போன்றவற்றின் பழைய வடிவங்கள் போயின. அந்தச் சமயத்தில் பள்ளியில் இருந்த, ஏற்கெனவே எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது உதவியா உபத்திரவமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கன்னடத்திலோ நமது ஒரு ககரத்துக்கு நான்கு ககரங்கள். கூட்டெழுத்தில் இரண்டாவது மெய் அடியில் போய் ஒத்தக்ஷரமாகத் தொங்கும். ஆங்கில எழுத்துக்களைக் குழந்தைகள் முதல் வகுப்போடு கற்று முடித்துவிடுகிறார்கள். கன்னட எழுத்துக்களைக் கற்பது நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சொனாலி நாக் 2007-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆங்கிலத்தில் தொல்லை வேறு விதம். நாம் 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்' என்று எழுதும் நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் அதே நான்கு எழுத்துக்களில்தான் முடிகின்றன.

அப்படியானால் ஒரு மொழியில் டிஸ்லெக்ஸியா இருந்து இன்னொன்றில் இல்லாமல் போகுமா? 2001-ல் இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கிலக் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 'சயன்ஸ்' இதழில் வெளியானது. ஒழுங்கான எழுத்துமுறை கொண்ட இத்தாலியர்கள் மற்றவர்களைவிடச் சரியாக வாசித்தார்கள். ஆனால் டிஸ்லெக்ஸியா உள்ள மூன்று நாட்டவருக்கும் வாசிக்கும்போது மூளையின் இடப்புறத்தில் ஒரே பகுதியில்தான் செயல்பாடு குறைவாக இருந்தது. அதாவது எழுத்துமுறை நோயைத் தருவதில்லை. மறைக்கிறது, அல்லது வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. தமிழில் மெதுவாக வாசித்துச் சமாளித்துவிடும் ஒருவர், ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

மாட்டிக்கொள்வது என்பது சரியான சொல்தான். ஏனென்றால் பெரியவர்களிடம் மிஞ்சியிருப்பது எழுத்துப் பிழைகளைவிட, பிடிபட்டுவிடுவோம் என்ற பயம். 'மக்கு', 'மரமண்டை', 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாங்கிய பட்டங்கள் முப்பது வருடங்கள் கழித்தும் காதில் ஒலிக்கின்றன. சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லும் பீரியடில் தன் முறை எப்போது வரும் என்று பெஞ்ச்களை எண்ணியவர்கள், பிறகு கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்கிறார்கள். பதவி உயர்வு வந்தால் வேண்டாம் என்கிறார்கள், மேலே போனால் அறிக்கை எழுத வேண்டியிருக்கும். கையில் கட்டுப் போட்டுக்கொள்கிறார்கள், ஓட்டலில் பக்கத்து மேஜைக்காரர் கேட்டதையே தங்களுக்கும் கொண்டுவரச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் செலவாகும் சாமர்த்தியத்தை வேறெதிலாவது போட்டிருந்தால்... என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றுகிறது.

எழுத்தைக் கண்ணுக்குச் சமமாக வைத்துப் பேசிய சமூகம் நம்முடையது. படிப்பு வராதவனுக்கு இங்கே இரக்கம் குறைவு. ஆனால் திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்தபடியே 'கேள்வி' என்றொரு அதிகாரம் இருப்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. படிக்காவிட்டாலும் கேட்டுத் தெரிந்துகொள் என்று அங்கே வள்ளுவர் வழி விடுகிறார். காக்ஸ் டவுனிலிருந்து கூப்பிடு தூரத்தில், அல்சூர் ஏரிக்கரையில், பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை நிற்கிறது. மொழிச் சண்டையில் அடிபட்ட சிலை. அவர் சொன்ன கேள்விச் செல்வம்தான் இந்த மனிதர்களின் முதலீடு. கான்ட்ராக்டர் ஐந்து பாஷைகளையும் காதால்தான் பிடித்தார்.

சரி, நாற்பது வயதில் தன்னம்பிக்கையை எங்கே போய்த் தேடுவது? கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று பத்து முறை சொல்லும் சமாசாரம் இதற்கு உதவாது. 1992-ல் பால் கெர்பரும் இரண்டு சக ஆய்வாளர்களும் கற்றல் குறைபாட்டோடு வளர்ந்து வாழ்க்கையில் முன்னேறிய 71 அமெரிக்கர்களைப் பேட்டி கண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய வெற்றி பெற்றவர்களிடம் பொதுவாக இருந்தது, வாழ்க்கையின் பிடியைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளும் உறுதி. அதற்கு முன் நடந்திருந்த ஒரு காரியத்தையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். தன் குறையைத் தானே வேறு விதமாகப் பார்க்கப் பழகுவது. முதலில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது, பிறகு என்னவென்று புரிந்துகொள்வது, பிறகு ஏற்றுக்கொள்வது, கடைசியில் அதை வைத்து என்ன செய்யலாம் என்று இறங்குவது. இந்த வரிசையில் முதல் படிதான் எல்லோருக்கும் கஷ்டம்.

நம் கான்ட்ராக்டருக்கும்தான். சோதனை முடிந்து ஏழு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி மனைவியிடம் சொன்னார். அவர்தான் கல்யாணமான நாளிலிருந்து கொட்டேஷன்களை எழுதிக்கொடுப்பவர். "எனக்கு எப்பவோ தெரியுமே" என்றாராம் அந்த அம்மாள். தெரிந்தும் பதினைந்து வருடங்கள் கேட்காமல் இருந்திருக்கிறார். புருஷனின் கௌரவத்தைக் காப்பாற்ற அவரும், தன் ரகசியத்தைக் காப்பாற்ற இவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நடித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு கொட்டேஷன் வேலையே மாறிவிட்டது. இவர் அளவும் விலையும் வாயால் சொல்லப் போன் எழுதுகிறது, மனைவி பிழை பார்க்கிறார். தமிழிலும் கன்னடத்திலும் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியை கூகுள் கொண்டுவந்தது 2017-ல். அதற்கு முன் வாழ்ந்தவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிஸ்லெக்ஸியா ஒரு வரப்பிரசாதம், ஐன்ஸ்டீனுக்கு இருந்தது, மேதைகளுக்கெல்லாம் இருந்தது என்று ஒரு கோஷ்டி சொல்லித் திரிகிறது. செத்துப்போனவர்களுக்குச் சோதனை செய்ய முடியாது. லண்டன் காஸ் பிசினஸ் ஸ்கூலின் ஜூலி லோகன் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கச் சிறுதொழில் அதிபர்களில் 35 சதவீதம் பேர் தங்களுக்கு டிஸ்லெக்ஸியா என்று சொன்னதும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவர்களாகச் சொன்ன கணக்கு அது. பிறரிடம் வேலை பார்த்தால் எழுத வேண்டும் என்பதாலேயே பலர் சொந்தத் தொழிலுக்குத் தள்ளப்பட்டிருக்கலாம். பாதியில் நின்றுபோனவர்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இதை வரம் என்று சொல்வது, தினமும் அதோடு போராடும் ஆளிடம் 'உனக்கு வரம் கிடைத்தும் ஒன்றும் சாதிக்கவில்லையே' என்று இன்னொரு பட்டம் கட்டுவதாகத்தான் முடியும்.

அதைவிட, நடிகர் போமன் இரானியின் கதை பயன்படும். '3 இடியட்ஸ்' படத்தில் கல்லூரித் தலைவராக வந்தவர், தமிழ் 'நண்ப'னில் சத்யராஜ் செய்த வேடம். சிறுவயதில் டிஸ்லெக்ஸியாவும் திக்கலான பேச்சும் இருந்ததைப் பேட்டிகளில் மறைக்காமல் சொல்பவர். மும்பை தாஜ் ஓட்டலில் பரிமாறினார், குடும்பத்தின் நொறுக்குத்தீனிக் கடையில் பல வருடங்கள் உட்கார்ந்தார், புகைப்படம் எடுத்தார், நாடகத்துக்குப் போனார். 'முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.' வெளியானது 2003-ல், அப்போது அவருக்கு 44 வயது. அதில் மேதைமையைவிட நிதானம்தான் அதிகம் தெரிகிறது.

வாசிப்பும் முன்னேறாமல் இல்லை. டிஸ்லெக்ஸியா உள்ள பெரியவர்களுக்கு எட்டு வாரங்கள் ஒலிகளைப் பிரித்தறியும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கினவீர் ஈடன். வாசிப்பு மேம்பட்டது மட்டுமல்ல, மூளையின் செயல்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது என்று 2004-ல் அவரது குழு எழுதியது. வேகம் முழுதாக வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று விற்பவர்களிடம் பணத்தை இழக்கவும் கூடாது. இவற்றால் பயனுண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டாக அறிக்கை விட்டுவிட்டார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது? 1995-ம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன, டிஸ்லெக்ஸியா இல்லை. 2016-ல் நிறைவேறி 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கியது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற பெயரில் இதுவும் உள்ளே வந்தது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், மனநோய் உள்ளிட்ட பிரிவுகளோடு இது பகிர்ந்துகொள்கிறது. ஆனால் சான்றிதழுக்கான 2018 விதிமுறைகள் எட்டு வயதில் சோதிக்கவும், 14-லும் 18-லும் மறுபடி சோதிக்கவும் சொல்லின. 18-ல் தரும் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். நல்ல ஏற்பாடுதான், பள்ளியில் இருப்பவர்களுக்கு. அதற்காக அந்த விதிகள் பரிந்துரைத்த சோதனைத் தொகுப்பு உருவானது இதே பெங்களூரில், ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மருத்துவமனையில். மாளவிகா கபூர் உள்ளிட்ட உளவியல் நிபுணர்கள் தயாரித்த அது 5 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. 43 வயதுக்காரர் போய் நின்றால் அவரை அளக்க அதில் அளவுகோல் கிடையாது.

நீதிமன்றம் கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. விகாஸ் குமார் என்ற இளைஞருக்குக் கைப்பிடிப்பால் எழுத முடியாது. சிவில் சர்வீஸ் தேர்வில் சொல்வதை எழுதுபவரைத் தர யு.பி.எஸ்.சி. மறுத்தது, 40 சதவீத ஊனம் இல்லை என்பது காரணம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த அளவுகோலைக் காட்டி உதவியை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. தேவைக்கேற்ற வசதி செய்துதருவது சலுகை அல்ல, உரிமை என்ற வாதம் இதனால் வலுப்பெற்றது. அலுவலகத்தில் 'எனக்கு இதை எழுத்தாகத் தராமல் வாயால் சொல்லுங்கள்' என்று கேட்கும் ஊழியருக்கும் இந்த வாதம் உதவும். கேட்பதற்கு அவர் வாயைத் திறக்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

திறப்பதற்கு இடங்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1991-லிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இயங்குகிறது, மும்பையில் மகாராஷ்டிர சங்கம். இரண்டும் பெரும்பாலும் குழந்தைகளுக்காகத் தொடங்கியவை. பெரியவர்கள், அனுபவமுள்ள உளவியல் நிபுணரைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. போகும்போது கேட்க வேண்டியது, எந்த மொழியில் சோதிப்பீர்கள் என்பது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், ஆங்கிலம் சரியாகக் கற்காததும் டிஸ்லெக்ஸியாவும் ஒன்றாகக் குழம்பிவிடும். பழைய மார்க் ஷீட்டுகள், ஆசிரியர்களின் குறிப்பு இருக்கும் ரேங்க் கார்டு, கிடைத்தால் பள்ளி நோட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. அம்மா இருந்தால் அவரையும் கூட்டிப் போகலாம். எந்த வயதில் பேச ஆரம்பித்தார், அரிச்சுவடியை எத்தனை நாள் அழுதுகொண்டே எழுதினார் என்பதெல்லாம் அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும்.